பாதியில் நின்ற சுவர்கள்

டைட்டானிக் என்றதும் எங்களில் கன பேருக்கு ஜாக்கும் ரோஸும்தான் ஞாபகத்துக்கு வருவினம். அந்தக் கப்பலின் வயிற்றுக்குள் இருந்த 15 சுவர்களைப் பற்றி நாங்கள் கதைப்பதேயில்லை.

கப்பலைக் குறுக்கே மறித்து 16 அறைகளாகப் பிரித்த உருக்குச் சுவர்கள் அவை. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் அந்த அறையோடு நிற்கும் என்பதுதான் கணக்கு. முன்பக்கத்து அறைகள் நான்கு நிரம்பினாலும் கப்பல் மிதக்கும். 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறை அதற்கும் கூடுதலான அறைகளைத் திறந்துவிட்டது. முன்பக்கம் தாழத் தாழ, தண்ணீர் சுவர்களின் தலைக்கு மேலால் அடுத்தடுத்த அறைகளுக்குள் வழிந்தது. ஏனென்றால் அந்தச் சுவர்கள் மேல்தளம் வரை போகவில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டன.

இதைவிட நல்லாக் கட்டத் தெரியாத காலமா அது? இல்லை. 1858இல் நீரில் இறக்கப்பட்ட 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலுக்குப் பொறியியலாளர் புரூனெல் உயரமான குறுக்குச் சுவர்களை வைத்தார்; அடியிலும் பக்கங்களிலும் இரட்டைத் தோல் போட்டார். 1862இல் நியூயோர்க்குக்குக் கிட்ட ஒரு பாறை அதன் வெளித்தோலை 80 அடிக்கு மேல் கிழித்தது. உள்தோல் தாங்கியது. கப்பல் தன்பாட்டில் துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அந்தக் கப்பல் முதலாளிமாருக்கு நட்டம்தான் கொடுத்தது. இரட்டைத் தோலுக்குக் காசு வேணும், இடம் வேணும். சுவரை உயர்த்தினால் சாப்பாட்டு மண்டபங்களையும் நடைபாதைகளையும் அது வெட்டிக்கொண்டு போகும். டைட்டானிக்கில் இரட்டைத் தோல் அடியில் மட்டும்தான் இருந்தது.

அந்த இரவு ஏறத்தாழ 1,500 பேர் செத்துப்போனார்கள். முதலாம் வகுப்பில் பத்துக்கு ஆறு பேர் தப்பினார்கள். மூன்றாம் வகுப்பில் நாலில் ஒருவர்தான்.

பிறகு அதன் தங்கைக் கப்பல் 'பிரிட்டானிக்'குக்குச் சுவர்களை உயர்த்தினார்கள், பக்கத்திலும் இரட்டைத் தோல் போட்டார்கள். 1916இல், மருத்துவமனைக் கப்பலாக ஓடும்போது, ஈஜியன் கடலில் கண்ணிவெடியில் அகப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் அதுவும் மூழ்கியது. காற்றுக்காகத் திறந்துவிட்டிருந்த ஜன்னல்களாலும் தண்ணீர் உள்ளே வந்தது. ஆனால் கப்பலில் இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரில் இறந்தது 30 பேர்தான். இந்தமுறை எல்லோருக்கும் போதுமான படகுகள் இருந்தன.

விபத்தைப் பனிப்பாறையின் தலையில் கட்டிவிடுவது சுகம். நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சுவர் எவ்வளவு உயரம் போதும் என்று தீர்மானித்தவர்கள் யார், அதற்கு உயிரைக் கொடுத்தவர்கள் யார்?