கொள்ளையிலே கிடைத்த குட்டி நாய்



வெள்ளவத்தையிலே வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு பீக்கிங்கீஸ் நாய்க்குட்டி வாங்கினார். "சேர், இதற்கு நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கோ" என்று கேட்டார். நான் பெயர் சொல்லவில்லை. ஒரு கதையைச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

1860 ஆம் ஆண்டு மே மாதத்தில் நமது காலித் துறைமுகத்திலே 'மலபார்' என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. அதிலே சீனா நோக்கிச் சென்றுகொண்டிருந்தவர்களுள் பிரித்தானியத் தூதுவர் எல்ஜின் பிரபுவும் ஒருவர். கிரேக்கத்துப் பார்த்தினன் கோயிற் சிற்பங்களைப் பெயர்த்துக் கொண்டுபோனவர் இவருடைய தந்தையார்தான். மகனார் காலியிலே உயிர் தப்பி, வேறு கப்பல் ஏறிச் சீனா சென்றார். ஒக்டோபரில் பிரித்தானிய, பிரான்சியப் படைகள் பீக்கிங்குக்கு அண்மையிலிருந்த யுவான்மிங்யுவான் என்னும் கோடை மாளிகைக்குள் புகுந்தன. சக்கரவர்த்தி அதற்கு முன்பே வடக்கே போய்விட்டார். பட்டும் பளிங்கும் பொன்னும் பறிபோயின. சமாதானக் கொடியோடு சென்றவர்கள் சிறைப்பட்டுச் சித்திரவதையில் இறந்ததற்குப் பதிலடியாக, 18 ஆம் திகதி மாளிகையை எரிக்கும்படி எல்ஜின் பிரபு கட்டளையிட்டார். சிறைப்பட்டவர்களுக்கு நேர்ந்தது கொடுமைதான். ஆனால் ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்ந்த கலைச் செல்வத்தை எரித்ததனால் யாருடைய உயிர் மீண்டது?

அந்த மாளிகையிலே ஐந்து சிறிய நாய்கள் அகப்பட்டன. தற்கொலை செய்துகொண்ட ஓர் அரசகுல மாதின் உடலருகே அவை நின்றன என்றும் கதை சொல்வார்கள். அவற்றுள் ஒன்றைக் கப்டன் டன் என்ற இராணுவ அதிகாரி எடுத்து வந்தார். கடற் பயணத்திலே அவருடைய தொப்பிக்குள்ளேதான் அது உறங்குமாம்! 1861 இல் அதை விக்டோரியா மகாராணியாருக்குக் காணிக்கையாக்கினார். அரண்மனையிலே அதற்கு வைத்த பெயர் 'லூட்டி'. 'லூட்' என்பது கொள்ளையைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பொருளைக் கொள்ளையிட்டவர்கள், அதைக் குறிக்கும் சொல்லையும் வேற்று நாட்டிலிருந்தே எடுத்தார்கள். அச்சொல்லையே பெயராகச் சூட்டுவதற்கு அவர்கள் கூசவுமில்லை. கெய்ல் என்ற ஓவியர் அதே ஆண்டில் லூட்டியை வரைந்த படம் அரச சேகரிப்பிலே இன்றும் உண்டு. 1872 இல் அது இறந்தது.

சீனத்திலே இந்த இனம் மிகப் பழையது. 2004 இல் 85 நாயினங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியான ஆய்வு, ஓநாய்க்கு மிக நெருங்கிய சில இனங்களுள் இதனையும் சேர்த்தது. ஐந்து கிலோ நிறையுள்ள, மடியிலே சுருண்டு கிடக்கும் பிராணி, ஓநாய்க்கு உறவு! ஆனால் சீனர் இதிலே தேடியது ஓநாயையன்று, சிங்கத்தை. சீனத்திலே சிங்கம் கிடையாது. பௌத்தத்தோடு அதன் உருவம் மட்டும் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த உருவத்துக்கு ஒப்பாகப் பிடரியும் அகன்ற மார்பும் தட்டை முகமும் கொண்டதாக இந்நாயைப் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். மிகச் சிறியவற்றை அரண்மனை மாந்தர் தம் அங்கியின் அகன்ற கைக்குள்ளே வைத்துக்கொள்வதும் உண்டாம். பேரரசி சீ ஷீ, 1905 இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகளுக்கு ஒன்றைப் பரிசளித்தார். 1912 இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது தப்பிய மூன்று நாய்களிலும் ஒன்று பீக்கிங்கீஸ்தான்.

குணத்திலே இது உண்மையில் சிங்கம்தான். கூப்பிட்டால் வராது, தனக்கு மனம் வந்தால் வரும். அந்நியரிடம் குழையாது, வீட்டிலே ஒருவரிடம் மட்டும் உயிரை வைக்கும். பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தால் பொறுக்காது.

முகம் தட்டையாக வேண்டும், இன்னும் தட்டையாக வேண்டும் என்று மனிதர் ஆசைப்பட்டதற்கு விலை கொடுப்பது நாய்தான். மூக்குத் துவாரம் ஒடுங்கி, மென்னண்ணம் தொண்டையை அடைத்து, உறக்கத்திலும் மூச்சுத் திணறும். 2003 இல் இங்கிலாந்தின் கிரவ்ட்ஸ் கண்காட்சியிலே முதற் பரிசு பெற்ற பீக்கிங்கீஸ் மீது, முகத்தை அழகுபடுத்தச் சத்திரசிகிச்சை செய்ததாகக் குற்றஞ் சாட்டினார்கள். விசாரித்தபோது, அது மூச்சு விடுவதற்காகத் தொண்டையிலே செய்த சிகிச்சை என்று தெரிந்தது. குற்றம் நீங்கியது. மூச்சுக்கே சிகிச்சை வேண்டிய நாயை அழகின் சிகரம் என்று தேர்ந்தார்களே என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 2008 இல் பி.பி.சி. ஒளிபரப்பிய விவரணப் படமொன்று எழுப்பிய கண்டனத்தின் பின், இங்கிலாந்துக் கெனல் கிளப் இவ்வினத்துக்கான விதியைத் திருத்தி, மூக்குப்பகுதி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எழுதியது.

நம்முடைய வெயிலிலே இதை வளர்ப்பவர்கள் கவனமாயிருக்க வேண்டும். நாய் மூச்சிரைத்துத்தான் தன் சூட்டைத் தணிக்கிறது; மூச்சுவழி ஒடுங்கிய நாய்க்கு அது முடியாது. ஆகவே வெயில் ஏறுமுன்பும் இருண்ட பின்புமே உலாவ விடுங்கள். பூட்டிய காருக்குள்ளே ஒரு நிமிடமும் விடாதீர்கள். கழுத்துப் பட்டி வேண்டாம், நெஞ்சைச் சுற்றிய வார் போதும். முகத்து மடிப்புகளை நாள்தோறும் ஈரமின்றித் துடையுங்கள். கண்கள் பிதுங்கியிருப்பதால் புல் நுனியும் காயப்படுத்தும். கண் சிவந்தால் அன்றே மிருக வைத்தியரிடம் போங்கள். ரோமத்தை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சீவுங்கள். நீண்ட முதுகு, குட்டைக் கால். மாடிப்படியிலும் கதிரையிலுமிருந்து குதிக்க விடாதீர்கள்.

கதையைக் கேட்டு முடித்த மாணவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "சேர், அப்ப பெயர்?" என்றார். அவருடைய ஆறு வயது மகள் முந்திக்கொண்டு, "சிங்கன்!" என்றாள். குட்டி திரும்பிப் பார்க்கவேயில்லை. மின்விசிறிக்குக் கீழே, குளிர்ந்த சீமெந்துத் தரையிலே, குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.