சித்தன்னவாசல் ஓவியனின் வேலைநாள்

சித்தன்னவாசலைப் பற்றி எழுதியோர் பலர். அங்குள்ள தாமரைக் குளத்தின் எழிலை வியந்தவர்களும் உண்டு. அதனைத் தீட்டுவித்த மன்னன் பல்லவனா பாண்டியனா என வழக்காடியவர்களும் உண்டு. ஆனால் அக்குளத்தைத் தீட்டியவன் தன் பொழுதை எவ்வாறு கழித்தான், எதற்கு அஞ்சினான், எதற்காக விரைந்தான் என்று கேட்டவர் மிகக் குறைவு. ஓவியம் கருத்தில் தோன்றுவது என்பது மெய்யே. எனினும் அது கையால் ஆவது. அந்தக் கையின் வரலாற்றையே இங்கு நாம் சற்று நோக்க விரும்புகின்றோம்.

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றே சித்தன்னவாசல். அதன் மேற்குச் சரிவில் குடைந்தெடுக்கப்பட்ட சமணக் கோயிலை அறிவர் கோயில் என்பர். பெருங்கூட்டம் கொள்ளும் இடமன்று. கருவறையும் அதன் முன் ஒரு சிறு மண்டபமுமே பாறைக்குள் அமைந்தவை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் வரலாற்றை எழுதிய இராதாகிருஷ்ண ஐயர் 1916-இல் இவ்விடத்தைக் குறிப்பிட்டார். பின்னர் கோபிநாத ராவ் வாயிலாகச் செய்தியறிந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் 1920-இல் இவ்வோவியங்களை உலகறியச் செய்தார். முதலில் எல்லோரும் மகேந்திரவர்மன் காலமென்றே கொண்டனர். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் அகமண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபமும் எடுப்பித்தார் என்று கூறும் பாண்டியர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஆராயப்பட்ட பின்னரே கருத்து மாறிற்று. அக்கல்வெட்டுச் சுட்டும் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன், 815 முதல் 862 வரை ஆண்ட ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனே என்பர்.

இனி வேலைக்கு வருவோம். சித்தன்னவாசல் ஓவியனுக்குத் துணி இல்லை, பலகை இல்லை. உளித்தழும்பு மாறாத பாறையே அவனுடைய தளம். பாறை வண்ணத்தை ஏற்காது. ஆகவே முதலில் சுண்ணமும் மணலும் கலந்த காரையைப் பூசி மேடுபள்ளம் நிரவ வேண்டும். அதன்மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு ஒன்று வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தாளித்து நீரில் ஊறவிடாமல் பூசினால் அது பின்னர் வெடித்துப் பொரியும் என்பதை எந்தக் கொத்தனாரும் அறிவார். எனவே இவ்வோவியனின் தொழில் தூரிகையில் தொடங்கவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் தொடங்கியது. காத்திருத்தலே அவனுடைய முதற்பாடம் எனலாம்.

சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இரசாயன அறிஞர் பரமசிவன் இவ்வண்ணங்களை ஆய்ந்தார். வெள்ளைக்குச் சுண்ணம், கருமைக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண், பசுமைக்குப் பச்சை மண், நீலத்திற்கு லாஜவர்த் எனப் பாரசீகர் அழைக்கும் நீலக்கல் என்பது ஆய்வின் முடிபு. காவி, செம்பூரான் நிலத்தில் வாழும் புதுக்கோட்டை மக்களுக்குப் புதிதன்று. நீலக்கல்லோ அப்படியன்று. பழங்காலத்தில் அதற்குப் பேர்போன சுரங்கங்கள் ஆப்கானிஸ்தானத்துப் பதக்ஷானில் இருந்தன. ஒரு சிறு குன்றின் விதானத்தில் மலர்ந்த குளத்திற்காக எத்தனை வணிகர் கைமாறி அந்தத் தூள் வந்திருக்க வேண்டும்!

காரை ஈரமாக இருக்கையிலேயே தீட்டினரா, உலர்ந்தபின் தீட்டினரா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எதுவாயினும் சுண்ணத்தின் இயல்பு ஒன்றுதான். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் கல்லாகின்றது. கல்லாகும்போது தன்னோடு கலந்த வண்ணத்தையும் பற்றிக்கொள்கின்றது. ஈரத்தில் அடர்த்தியாகத் தோன்றிய நிறம் உலர்ந்தபின் வெளுத்துக் காணும். ஆகவே ஓவியன் கண்முன் காணும் நிறத்தை நம்பாமல், நாளை காணப்போகும் நிறத்தை மனத்திற்கொண்டே தீட்ட வேண்டும். அதுவும் அண்ணாந்து, விதானத்தில்! மீனும் அன்னமும் எருமையும் யானையும், தாமரை கொய்யும் மாந்தரும் அங்கே எத்துணை இலகுவாகத் தோன்றுகின்றனர்! கழுத்து நொந்து, சுண்ண நீர் கண்ணில் சொட்டும் அச்சத்தோடு தீட்டப்பட்டவை அவை என்று யார்தான் எண்ணுவர்?

சென்ற நூற்றாண்டில் புகையையும் அழுக்கையும் நீக்கித் தூய்மை செய்தபோது, விதானத்தின் ஒரு பகுதியில் இரண்டு அடுக்குகள் இருப்பது தெரிந்தது. பழைய ஓவியத்தின் மேலேயே பின்வந்தவர் பூச்சிட்டுப் புதிதாகத் தீட்டியிருந்தனர். புதுப்பித்த ஆசிரியனின் பெயர் கல்லில் நின்றது. மறைந்தவனின் பெயரும் இல்லை, மறைத்தவனின் பெயரும் இல்லை.

இன்று இதே மாவட்டத்தில் அக்ரிலிக் வண்ணம் கொண்டு தீட்டும் ஓவியரின் அறைக்குள் நுழைவோமாயின், பொருள்கள் மாறியிருப்பினும் கடிகாரம் மாறவில்லை எனக் காண்போம். அக்ரிலிக் என்பது நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் நுண்துகள்களோடு கலந்த வண்ணம். நீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன; பிறகு எவ்வளவு நீர் ஊற்றினாலும் அப்படலம் கரையாது. சித்திரை வெயிலில் தட்டிலுள்ள வண்ணம் சில நிமிடங்களிலேயே தோல் கட்டிவிடும். ஆதலின் அவர் அடிக்கடி தட்டின்மீது நீர் தெளிக்கின்றார்; தூரிகையை நீரை விட்டு எடுப்பதில்லை; தேநீர் வந்தாலும் அதைக் கழுவிவிட்டே எழுகின்றார். மறந்தால் தூரிகை குச்சியாகிவிடும். இங்கே ஒரு விந்தை: சுண்ணத்தில் நிறம் உலர்ந்து வெளுக்கும், அக்ரிலிக்கிலோ உலர்ந்து சற்றுக் கருக்கும். இரு ஓவியருமே நாளைய நிறத்தை இன்று ஊகிப்பவர்கள். திசை மட்டும் நேர்மாறு.

இப்புது வண்ணத்தின் வரலாற்றிலும் சுவருக்குப் பங்குண்டு. மெக்சிகோவின் சுவரோவியர் சிக்கேய்ரோஸ், நவீன நகரத்துச் சுவர்களுக்குப் பழைய முறைகள் போதா எனக் கருதி, 1936-இல் நியூயார்க்கில் ஒரு சோதனைப் பட்டறை அமைத்துத் தொழிற்சாலை வண்ணங்களைக் கொண்டு முயன்றார். நீரில் கரைத்துத் தீட்டத்தக்க அக்ரிலிக் 1950-களில்தான் ஓவியர் கைக்கு வந்தது. இன்னும் நூறாண்டு காணாத வண்ணம் அது. கடும் வெயிலில் அதன் படலம் நெகிழ்ந்து புழுதியைப் பற்றிக்கொள்ளும் என்பதும் நம் நாட்டு ஓவியர்க்கு ஒரு கவலையே.

ஓவியனின் அன்றாட வாழ்வைப் பேசுகையில் வயிற்றைப் பற்றிப் பேசாதிருப்பது நேர்மையன்று. அன்று புரவலர் இருந்தனர். சென்னைக்கருகே கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் சோழமண்டலம் கலைக்கிராமத்தை அமைத்த ஓவியர்களோ, பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில்தான் காலூன்றினர். தமக்கு வேண்டிய ஓவியத்தைத் தீட்ட, பிறர்க்கு வேண்டிய துணிக்கு மெழுகும் சாயமும் ஏற்றினர். ஓவியம் மட்டுமே சோறு போடும் என்று நம்பி இருந்திருந்தால் அக்கிராமம் எழுந்திராது என்பதே நம் எண்ணம்.

சித்தன்னவாசலில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் சுண்ணம் தன் கடமையைச் செய்தது. பெரும்பகுதி அழிவு அண்மைக் காலத்தில், அவ்விடம் பலரறிய வந்தபின் நேர்ந்தது. தொட்டுப் பார்த்த கைகளும், கீறிப் பார்த்த நகங்களும், காவலின்மையும், வானிலையும் கூடி அதனைச் சிதைத்தன. தூண்களிலுள்ள ஆடல் மகளிரும் அரசனும் அரசியும் இன்று கோடுகளாகத் தேய்ந்துள்ளனர். தொடக்க காலத்தில் எடுத்த படிகளில் தெளிவாக உள்ளவற்றைச் சுவரில் இன்று தேட வேண்டியிருக்கிறது. விதானத்துக் குளமே ஓரளவு எஞ்சியுள்ளது; எட்டாத உயரமே அதற்குக் காவலாயிற்று. காண விழைவோர் பிற்பகலில் செல்வது நன்று. வாயில் மேற்கு நோக்கியது. சாயும் வெயில் உட்புகும் அந்தச் சிறு பொழுதில்தான் பச்சை இலைகளுக்கிடையே மீன்கள் தெரிகின்றன.