ஜேம்ஸ் ரௌஸும் பாஸ்டன் நகரத்துப் பழைய அங்காடியும்

ஓர் ஊரின் வரலாறு ஏட்டிலும் கல்வெட்டிலும் மட்டுமே அடங்கிக் கிடப்பதன்று. அவ்வூரார் கூடிய மண்டபமும், கொண்டும் கொடுத்தும் பழகிய அங்காடியும், நடந்து தேய்ந்த தெருக்கல்லும் அவ்வரலாற்றைத் தாங்கி நிற்பனவேயாம். ஏடு செல்லரித்தால் முன்னரே படியெடுத்து வைத்துக் காக்கலாம். இடித்துத் தள்ளிய கட்டடத்திற்குப் படியில்லை. அங்ஙனம் பழைய கட்டடங்களை இடிப்பவர் யார், காப்பவர் யார் என்று வினவின், நிலம் வாங்கி மனை வகுத்துக் கட்டடம் எழுப்பிப் பொருளீட்டுவோர் இடிப்பவர் வரிசையிலும், கற்றறிந்தோர் காப்பவர் வரிசையிலும் நிற்பர் என்பதே பலர் கருத்து. இக்கருத்து முற்றும் உண்மையன்று என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்ந்த ஜேம்ஸ் ரௌஸ் என்னும் மனைவாணிகரின் வரலாறு சான்று பகரும். வாணிகமே வழிவழித் தொழிலாகக் கொண்ட நம்மவர் அதனை அறிதல் நன்றென்று கருதி ஈண்டு எழுதலானேன்.

அவ்வரலாறு பாஸ்டன் நகரத்து ஓர் அங்காடியைப் பற்றியது. 1740-ஆம் ஆண்டில் அந்நகரத்துப் பெருவணிகரான பீட்டர் பேனியல் என்பார் தம் சொந்தச் செலவில் ஓர் அங்காடி கட்டி ஊருக்கு அளிக்க முன்வந்தார். இலவசமாக வந்த கொடையைக்கூட ஊரார் ஒருமனமாய் ஏற்றாரல்லர். ஒழுங்குபடுத்திய சந்தை வேண்டுமா வேண்டாவா என்பதில் நெடுநாளாய்ப் பூசல் இருந்தமையின், ஊர்க்கூட்டத்தில் 367 பேர் ஏற்கவும் 360 பேர் மறுக்கவும், ஏழே வாக்குகளால் அக்கொடை ஏற்கப்பட்டது. 1742-இல் முடிவுற்ற அக்கட்டடத்தின் கீழ்த்தளம் அங்காடியாகவும் மேல்தளம் ஊர்மண்டபமாகவும் விளங்கின. ஆங்கிலேய அரசு விதித்த வரிகளை எதிர்த்துக் குடியேற்ற நாட்டார் குரலெழுப்பியது அம்மண்டபத்திலேதான். 1773-இல் தேயிலை பற்றிய கூட்டங்களும் ஆங்கு நடந்தன. விடுதலையின் தொட்டில் என்று அந்நாட்டார் அதனைப் போற்றுவர். ஆயினும் அதனைக் கட்டுவித்த பேனியலின் செல்வத்தில் அடிமை வாணிகத்தால் வந்த பொருளும் கலந்திருந்தது என்பதை மறைத்தல் வரலாறாகாது. பழங்கட்டடத்தைக் காப்பவன் அதன் புகழோடு பழியையும் சேர்த்தே காக்கின்றான்.

ஊர் பெருகவே அம்மண்டபம் போதாதாயிற்று. நகரத்தலைவராயிருந்த ஜோசையா குவின்சி என்பவர், 1824 முதல் 1826 வரையில், கடற்கரையைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில், மண்டபத்திற்கு எதிரே 535 அடி நீளமுள்ள கருங்கல் அங்காடியொன்றை எழுப்பினார். அலெக்சாந்தர் பாரிஸ் என்னும் சிற்பி அதனை வகுத்தார். நடுவிலுள்ள அங்காடியை நகரம் தானே வைத்துக்கொண்டது; இருமருங்கிலும் உள்ள மனைகளை வணிகர்க்கு விற்று, யாவரும் ஒரேவகையான கருங்கல் முகப்போடு கட்டுதல் வேண்டும் என்று விதித்தது. இவ்வாறு நகரத்தார் பொறுப்பும் வணிகர் முதலும் தொடக்கத்திலேயே அவ்விடத்தில் கைகோத்து நின்றன. இச்செய்தியை நினைவிற்கொள்ளுதல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

நூறாண்டுக்கு மேல் இறைச்சியும் காய்கனியும் பாலடையும் விற்ற அவ்வங்காடி, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நலிவுற்றது. மொத்த வணிகர் வேறிடங்களுக்குப் பெயர்ந்தனர். கூரை ஒழுகிற்று, மேல்தளங்கள் பாழாயின. அக்காலத்தில் நகரப் புதுப்பிப்பு என்னும் பெயரால் பழைய பகுதிகளை அடியோடு அழிப்பதே அறிவுடைமை என்று எண்ணப்பட்டது. பாஸ்டனிலேயே மேற்கு முனை என்னும் பகுதியை 1958 முதல் 1960 வரையில் இடித்துச் சுமார் 2,700 குடும்பத்தாரைப் பெயர்த்தனர். அதனை அடுத்து ஸ்காலே சதுக்கம் என்னும் பழைய பகுதியும் தரைமட்டமாயிற்று. அங்காடிக்கும் அக்கதி நேராமற் போனதற்குக் காரணம், அதன் அருமையை அறிந்த சிலர் விடாது வாதாடியதும், 1966-இல் குவின்சி அங்காடி நாட்டின் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டதுமேயாம். பின்னர் நடுவணரசின் பொருளுதவியால் கூரையும் வெளிச்சுவர்களும் செப்பனிடப்பட்டன.

ஆனால் செப்பனிட்ட வெற்றுக் கட்டடம் எத்தனை நாள் நிற்கும்? உள்ளே விளக்கெரிய வேண்டும். ஆள் புழங்க வேண்டும். வாடகை வர வேண்டும். அதற்கு வழிகாண வந்தவரே ரௌஸ்.

ஜேம்ஸ் ரௌஸ் 1914-ஆம் ஆண்டு மேரிலாந்து மாகாணத்து ஈஸ்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். 1930-ஆம் ஆண்டில் தாயையும் தந்தையையும் ஒருவர் பின் ஒருவராய் இழந்தார். பிறந்த வீடும் கடனுக்காக வங்கியின் கைக்குச் சென்றது. பால்டிமோர் நகரம் சென்று, பகலில் வண்டி நிறுத்துமிடத்தில் வேலைபார்த்து, இரவில் சட்டம் பயின்று, 1937-இல் தேர்ச்சியுற்றார். 1939-இல் நண்பரொருவருடன் வீட்டடைமானக் கடன் தொழில் தொடங்கினார். கடனால் வீடிழந்தவர் பிறர்க்கு வீடு கிட்டக் கடன் தேடித்தருவதைத் தொழிலாகக் கொண்டது நோக்கத்தக்கது. 1967-இல் பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் இடையே கொலம்பியா என்னும் புதுநகரை நிறுவி, நிறவேற்றுமை பாராட்டாது எவரும் அங்குக் குடியேறலாம் எனச் செய்தார். இவையெல்லாம் அவர்தம் பெருமை. மற்றொரு பக்கமும் உண்டு. புறநகர்களில் கூரையிட்ட பெருங்கடைத்தொகுதிகளை முதன்முதற் கட்டியோருள் அவரும் ஒருவர். மக்கள் அங்கே செல்லச் செல்ல, நகர நடுவிலிருந்த பழங்கடைத்தெருக்கள் வெறிச்சோடின. தம் தொழில் எதனைத் தேய்த்ததோ அதனையே வளர்க்கும் பணி பின்னர் அவரைத் தேடி வந்தது.

பாஸ்டன் அங்காடிக்கு உயிரூட்டும் திட்டத்தை வகுத்தவர் பெஞ்சமின் தாம்சன் என்னும் கட்டடக்கலைஞர். அவர் திட்டத்தை ரௌஸ் ஏற்றார். 1973-இல் நகரத்தலைவர் கெவின் வைட் பணியை ரௌஸிடம் ஒப்படைத்தார். நகரம் நிலத்தையும் கட்டடத்தையும் விற்றுவிடவில்லை. 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, வாடகை வருவாயிற் பங்கும் பெற்றது. அடுத்த இடையூறு முதல். நகர நடுவில், பழைய கட்டடத்தில், பெருங்கடை ஒன்றுமின்றிச் சிறுகடைகளை மட்டும் வைத்து வாணிகம் நடக்கும் என்று வங்கியாளர் நம்பினாரில்லை. நியூயார்க்கு நகரத்துச் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, பாஸ்டன் வங்கிகள் பாதி தந்தால் மற்றைப் பாதி தாம் தருவதாகச் சொல்லிற்று. ‘உன் ஊரார் நம்பாததை அயலூரான் நம்புவதெப்படி?’ என்பதே அதன் உட்பொருள். ரௌஸ் வங்கிதோறும் படியேறி இறங்கி அப்பாதியைத் திரட்டினார்.

திறப்புநாள் நெருங்கிய பின்னும் கடைகள் பல நிரம்பவில்லை. அந்நிலையில் மரத்தள்ளுவண்டிகள் செய்வித்து, கடை எடுக்கும் வசதியற்ற கைவினைஞர்க்கு வாடகைக்கு விட்டு வெற்றிடத்தை நிரப்பினர். முதலில்லாதவனும் வாணிகம் தொடங்க அஃது ஒரு வாயிலாயிற்று. 1976 ஆகஸ்டு 26-ஆம் நாள், குவின்சி திறந்து சரியாக 150 ஆண்டு நிறைந்த அன்றே, அங்காடி மீண்டும் திறக்கப்பட்டது. அன்று ஒருநாளில் சுமார் 1 லட்சம் பேரும், முதலாண்டில் சுமார் 1 கோடிப் பேரும் வந்தனர். தென்புறக் கட்டடம் 1977-லும் வடபுறக் கட்டடம் 1978-லும் திறக்கப்பட்டன. நகர நடுவிற்கு இனி எவரும் வாரார் என்ற கூற்று பொய்த்தது. பழையதை இடியாமலே ஊரைப் புதுப்பிக்கலாம் என்பதைப் பிற நகரத்தாரும் கண்டனர்.

குறை கூறியோரும் உளர். அவர் கூற்றைப் புறக்கணித்தல் நடுவுநிலையாகாது. தலைமுறையாய் இறைச்சியும் காய்கறியும் விற்றோருட் பலர் ஏறிய வாடகைக்கு ஆற்றாது விலகினர். உள்ளூரார்க்கு உணவுப்பொருள் விற்ற இடம், வெளியூரார் உலாவும் இடமாயிற்று. காலப்போக்கில் எவ்வூரிலும் காணும் பெருநிறுவனக் கடைகளும் வந்து புகுந்தன. கல்லைக் காத்தவர் கல்லின் நிழலில் இருந்தோரை முழுதும் காத்தாரல்லர்.

மற்றொரு செய்தியும் ஈண்டு உரைக்கத்தகும். பாஸ்டனில் வென்ற முறையைப் பின்பற்றி 1980-இல் பால்டிமோர்த் துறைமுகத்தருகே ரௌஸ் இரண்டு புதிய கூடங்களைக் கட்டினார். அவை சில காலம் ஓங்கிப் பின் நலிந்தன. 2019-இல் நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளர் கைக்குச் சென்றன. அவற்றை அகற்றிப் புதியன எழுப்பும் திட்டத்திற்கு வழிவிடும் திருத்தத்தை நகரமக்கள் 2024 நவம்பரில் வாக்களித்து ஏற்றனர். அவர் புதிதாய்க் கட்டியது ஐம்பதாண்டு எய்துமுன் இடிக்கப்படும் நிலையை அடைந்தது. அவர் காத்துக்கொடுத்த 1826-ஆம் ஆண்டுக் கருங்கல் அங்காடியோ நின்று நிலவுகின்றது. கட்டியதினும் காத்ததே அவர்க்கு நிலைத்த புகழாயிற்று.

ரௌஸ் 1979-இல் நிறுவனத் தலைமையினின்று விலகி, 1982-இல் தம் மனைவியாரோடு ஓர் அறநிறுவனம் தொடங்கி, ஏழைகட்கு வீடு கிட்டச் செய்யும் பணியில் எஞ்சிய நாளைக் கழித்தார். 1995-இல் குடியரசுத்தலைவரின் விடுதலைப் பதக்கம் பெற்று, 1996-இல் காலமானார்.

இனி நம்மவர் நிலையை நோக்குவோம். நம் முன்னோர் திரைகடலோடி ஈட்டிய பொருளாற் கட்டிய பெருவீடுகள் பல, பங்காளிகள் பலராய்ப் பெருகி ஊர்தோறும் சிதறியமையால், பூட்டிக் கிடக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் சிற்பநிலைகளும் கழற்றப்பட்டுக் காரைக்குடிக் கடைகளில் விலைகூறப்படுவதை யாவரும் அறிவர். ‘பார்க்க ஆளில்லை, பழுதுபார்க்கப் பணமில்லை’ என்பதே பங்காளிகள் சொல்லும் விடை. அவர்மேற் சினந்து பயனில்லை. வருவாயில்லாத கட்டடத்தை அன்பு ஒன்றே நெடுநாள் தாங்காது. ரௌஸின் வரலாறு அவர்க்கு வழி காட்டுகின்றது. உரிமையை விற்காது நீண்ட குத்தகைக்கு விடலாம். அங்கே பள்ளியோ நூல்நிலையமோ விடுதியோ கைத்தொழிற்கூடமோ நடத்தி, அவ்வருவாயால் கூரையைக் காக்கலாம். முதற்பாதிப் பொருளை நம்மவரே திரட்டினால் மற்றைப் பாதிக்குப் பிறர் துணையை நாணாது கேட்கலாம். அங்கு வழிவழியாய்ப் பணிபுரிந்தோரையும் அண்டி வாழ்ந்தோரையும் வெளியேற்றாது, அவர்க்கும் இடம் வகுத்தல் வேண்டும். பாஸ்டனில் நேர்ந்த குறை நம்மிடத்தும் நேர்தல் ஆகாது.

மனை வகுத்து விற்கும் தொழிலில் நம் இளைஞர் பலர் இன்று முன்னணியில் நிற்கின்றனர். ஒவ்வொருவரும் தாம் எழுப்பும் புதுமனைகளோடு தம் ஊர்ப் பழங்கட்டடம் ஒன்றைக் காக்கும் பொறுப்பையும் மேற்கொள்வாராயின், ஈட்டிய பொருளுக்கும் பிறந்த ஊருக்கும் ஒருங்கே நன்மை செய்தவராவர். ஊர்தோறும் உள்ள கிளைச்சங்கத்தார், பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் சத்திரங்களையும் கணக்கெடுத்து, பங்காளிகளை ஓரிடத்திற் கூட்டிப் பேசச் செய்தலே இப்பணிக்கு முதற்படி. அதற்குப் பெரும்பொருள் வேண்டா. மனம் ஒன்றே போதும்.