பேஸ் கிற்றாருக்குக் கொம்பிரசர்: மேடையில் எவ்வளவு, ஒலிப்பதிவில் எவ்வளவு?

கொம்பிரசர் என்றதும் ரயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இசைத்துறையில் அதே பெயரில் உள்ள கருவி அமுக்குவது காற்றை அல்ல, ஒலியின் ஏற்ற இறக்கத்தை. கோவில் வீதியில் நடக்கும் இசைநிகழ்ச்சியானாலும் வீட்டு அறையில் கணினியோடு நடக்கும் ஒலிப்பதிவானாலும் இந்தக் கருவி அதிகம் தேவைப்படும் வாத்தியங்களில் ஒன்று பேஸ் கிற்றார்.

காரணம் எளிது. தாழ்ந்த சுரங்களைக் கேட்பதில் மனிதக் காது மந்தமானது. பேஸில் ஒரு சுரம் சற்றே மெலிந்தாலும் டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் இடையில் அது காணாமற்போய்விடும். அடுத்த சுரத்தை விரல் சற்று அழுத்தி மீட்டினால் அது மேடையையே அதிரவைக்கும். இந்த இடைவெளியைக் குறைப்பதே கொம்பிரசரின் வேலை.

இயங்கும் விதம்

த்ரெஷோல்ட் என்பது எல்லைக்கோடு. ஒலி அதைத் தாண்டினால் மட்டுமே கருவி வேலை செய்யும். எவ்வளவு அமுக்குவது என்பதை ரேஷியோ தீர்மானிக்கும். எல்லையை -20 டெசிபலிலும் ரேஷியோவை 4:1 என்றும் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். -8 டெசிபலில் வரும் சுரம் எல்லையை 12 டெசிபல் தாண்டுகிறது. அதில் நாலில் ஒரு பங்கான 3 டெசிபல் மட்டுமே எல்லைக்கு மேலே வெளியேறும். அதாவது 9 டெசிபல் குறைக்கப்படுகிறது. இப்படிக் குறைந்ததை ஈடுசெய்ய வெளியீட்டு கெயினை உயர்த்தலாம். ஆனால் மின் இரைச்சலும் கம்பியில் விரல் உரசும் சத்தமும் சேர்ந்தே உயரும்.

அட்டாக், ரிலீஸ் இரண்டும் நேரம் சார்ந்தவை. பேஸின் மிகத் தாழ்ந்த ஈ கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு எடுக்கும் நேரம் சுமார் 24 மில்லிசெக்கன். அட்டாக்கையும் ரிலீஸையும் இதைவிட மிக வேகமாக வைத்தால் கருவி ஒவ்வொரு அதிர்வையும் துரத்தத் தொடங்கி ஒலி கரகரக்கும். அட்டாக் 20 முதல் 40 மில்லிசெக்கன் வரை இருந்தால் விரல் கம்பியில் படும் முதல் தாக்கம் தப்பிவிடும். பேஸ் தெளிவாகக் கேட்பது அந்தத் தாக்கத்தால்தான். ரிலீஸ் அடுத்த சுரம் வருமுன் முடிவது நல்லது. நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாடலில் அரைத்தட்டு 250 மில்லிசெக்கன். 100 முதல் 200 வரை அங்கு பொருந்தும்.

மேடையில்

3:1 அல்லது 4:1 ரேஷியோ போதும். பலமான சுரங்களில் மீற்றர் 3 முதல் 6 டெசிபல் வரை குறைவைக் காட்டினால் அது போதுமான அளவு. அதற்கு மேல் அமுக்கிவிட்டு கெயினை ஏற்றினால் ஒலியின் சராசரி வலு கூடும். உச்சங்கள் அடங்கியிருப்பதால் ஆபத்து காதுக்குத் தெரியாது, ஆனால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் தொடர்ந்து சூடாகும். வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் எரிந்தால் இசைக்குழுவின் அன்றைய வருமானம் அதோடு போய்விடும். கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் முறையில் உச்சங்கள் திடீரென எழுவதால் அட்டாக்கைச் சற்று விரைவாக்கலாம்.

பேஸ் வாசிப்பவர் தன் பெடலிலும் ஒலியமைப்பாளர் தன் மிக்ஸரிலும் தனித்தனியே அமுக்கும்போது ஒலி உயிரற்றுப் போகும். யார் எவ்வளவு அமுக்குவது என்பதை ஒலிச் சோதனையின்போதே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

ஒலிப்பதிவில்

இங்கு விதி வேறு: முதலில் அமுக்காமல் பதிவு செய்யுங்கள். பதிவிலேயே சேர்ந்துவிட்ட அமுக்கத்தைப் பின்னர் பிரித்தெடுக்க முடியாது. வாசித்தவர் அடுத்த மாதம் வெளிநாடு போயிருக்கலாம், அவரை மறுபடி அழைத்து வாசிக்கச் சொல்ல வழியிருக்காது. 24 பிட் பதிவில் உச்சங்கள் -10 டெசிபல் அளவில் நின்றாலே போதும். மீதியை மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய மென்பொருள்கள் பலவும் இரண்டு பழைய அமெரிக்கக் கருவிகளையே பின்பற்றுகின்றன. பில் புட்னம் வடிவமைத்த 1176 மின்னல் வேகத்தில் உச்சங்களைப் பிடிக்கும். ஜேம்ஸ் லோரன்ஸ் உருவாக்கிய எல்ஏ-2ஏ ஒளியுணர் கலத்தின் உதவியோடு நிதானமாகச் சமன்செய்யும். முன்னதால் உச்சத்தை 2, 3 டெசிபல் வெட்டி, பின்னதால் முழு வாசிப்பையும் சமப்படுத்துவது பல ஒலிப்பதிவாளர்களின் வழக்கம்.

ஒரு சோதனை எப்போதும் உதவும். கொம்பிரசர் இயங்கும்போதும் நிறுத்தியபோதும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி கெயினை அமைத்துவிட்டு மாறி மாறிக் கேளுங்கள். சத்தம் கூடினால் காது அதையே தரம் என்று நம்பிவிடும். சத்தம் சமமாக இருந்தும் ஒலி மேம்பட்டால் மட்டுமே கருவி உதவியிருக்கிறது. மேம்படவில்லையென்றால் கவனிக்க வேண்டியது விரல்களையே. ஒவ்வொரு சுரத்தையும் ஒரே பலத்தோடு மீட்டப் பழகிய கைக்கு மலிவான பெடல்கூடப் போதும். பழகாத கையின் தடுமாற்றத்தை விலையுயர்ந்த கருவியாலும் முழுதாக மறைக்க முடியாது.