பல இயங்குதளங்களுக்கான வன்தட்டுப் பிரிப்பு

ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்களை நிறுவுவதற்காக அதன் வன்தட்டைத் தனித்தனிப் பகுதிகளாக வகுப்பது வன்தட்டுப் பிரிப்பு எனப்படும். ஒவ்வொரு பகுதியும் பிரிவு அல்லது பார்ட்டிசன் என்று அழைக்கப்படுகிறது. விண்டோஸ் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறைமையையும் லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையையும் பயன்படுத்துவதால், இவை இரண்டுக்கும் தனிப் பிரிவுகள் தேவை.

பிரிவு அட்டவணை

ஒவ்வொரு பிரிவும் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பது பிரிவு அட்டவணையில் பதியப்படுகிறது. இதில் இரு முறைகள் உள்ளன.

எம்.பி.ஆர்.: இம்முறையின் பிரிவு அட்டவணை 1983 இல் வெளிவந்த பி.சி. டாஸ் 2.0 உடன் அறிமுகமானது. தட்டின் முதல் 512 பைட்டுகளில் 64 பைட்டுகள் மட்டுமே அட்டவணைக்கு உரியவை. ஒரு பதிவுக்கு 16 பைட்டுகள் என்பதால் நான்கு முதன்மைப் பிரிவுகளே இயலும். கூடுதலாக வேண்டுமெனில், அவற்றுள் ஒன்றை நீட்டிப்புப் பிரிவாக்கி அதனுள் தருக்கப் பிரிவுகளை அமைக்கலாம். வழமையான தட்டுகளில் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை இம்முறையால் கையாள இயலாது.

ஜி.பி.டி.: யூ.ஈ.எஃப்.ஐ. வரையறையைச் சார்ந்த புதிய முறை. பொதுவாக 128 பிரிவுகளுக்கு இடமுண்டு. அட்டவணையின் மறுபடி தட்டின் இறுதியிலும் சேமிக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டு

512 கிகாபைட்டு தட்டு ஒன்றைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

* ஈ.எஃப்.ஐ. பிரிவு: 512 மெகாபைட்டு, ஃபேட்32
* விண்டோஸ் 11: 200 கிகாபைட்டு, என்.டி.எஃப்.எஸ்.
* லினக்ஸ்: 80 கிகாபைட்டு, எக்ஸ்ட்4
* லினக்ஸ் இடமாற்றுப் பிரிவு: 8 கிகாபைட்டு
* பொதுத் தரவு: எஞ்சிய இடம், என்.டி.எஃப்.எஸ்.

லினக்ஸ் என்.டி.எஃப்.எஸ். பிரிவைப் படிக்கவும் எழுதவும் வல்லது. விண்டோஸ் தானாக எக்ஸ்ட்4 பிரிவைப் படிப்பதில்லை. எனவே பொதுப் பிரிவு என்.டி.எஃப்.எஸ். ஆக இருத்தல் நன்று.

நிறுவும் வரிசை

விண்டோசை முதலிலும் லினக்சை அடுத்தும் நிறுவுவது வழக்கம். எம்.பி.ஆர். முறையில் விண்டோஸ் நிறுவி, தட்டின் தொடக்க நிரலை மாற்றி எழுதிவிடும். பின்னர் லினக்சைத் தொடங்க இயலாதெனினும் அதன் கோப்புகள் அழிவதில்லை; க்ரப் தொடக்க நிரலை மீண்டும் நிறுவினால் போதும். யூ.ஈ.எஃப்.ஐ. கணினிகளில் ஒவ்வோர் இயங்குதளத்தின் தொடக்க நிரலும் ஈ.எஃப்.ஐ. பிரிவில் தனி அடைவில் இருப்பதால் இச்சிக்கல் குறைவு.

கவனிக்க வேண்டியவை

* பிரிவின் அளவை மாற்றும்போது மின்சாரம் தடைப்பட்டால் தரவு அழியக்கூடும். முன்னதாகக் கோப்புகளை வேறொரு தட்டில் படியெடுத்தல் வேண்டும். அதே தட்டின் மற்றொரு பிரிவில் வைப்பது காப்பாகாது.
* விண்டோஸ் பிரிவை விண்டோசின் தட்டு மேலாண்மைக் கருவியாலேயே சுருக்குவது பாதுகாப்பானது.
* பிட்லாக்கர் மறையாக்கம் இயங்கினால் அதன் மீட்புத் திறவுகோலைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
* விண்டோசின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்திவிட வேண்டும். அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை; அந்நிலையில் லினக்சிலிருந்து விண்டோஸ் பிரிவில் எழுதினால் கோப்புகள் பழுதாகலாம்.

இவற்றையும் பார்க்க

* இயங்குதளம்
* கோப்பு முறைமை
* லினக்ஸ்