மாநில எல்லை தாண்டும் செவிலியர் கல்வி: எக்செல்சியர் கல்லூரியும் கலிபோர்னியாவும்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செவிலியர்க்கு உரிமம் வழங்கும் அதிகாரம் கூட்டாட்சி அரசிடம் இல்லை, மாநிலங்களிடமே உள்ளது. 1903ஆம் ஆண்டு வட கரோலினா அந்நாட்டின் முதல் செவிலியர் பதிவுச் சட்டத்தை இயற்றியது. நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா ஆகியனவும் அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றின. கல்வி ஒரு மாநிலத்திலும் பணி மற்றொரு மாநிலத்திலும் அமையும்போது இவ்வதிகாரம் மாணவரை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நியூயார்க்கின் புதிய முறை

நியூயார்க் மாநிலக் கல்வி ஆளுநர் குழு 1971இல் புறநிலைப் பட்டத் திட்டத்தைத் தொடங்கியது. வகுப்பறையில் கழித்த காலத்தைவிட, மாணவர் பெற்ற தேர்ச்சியை அளப்பதே அதன் அடிப்படை. பின்னர்ச் செவிலியர் பட்டமும் இதில் இடம்பெற்றது. ஏற்கெனவே மருத்துவப் பணியில் இருந்தோர் தாமே பயின்று, மருத்துவமனையில் உண்மையான நோயாளர்களிடம் நிகழும் செய்முறைத் தேர்வில் வென்று பட்டம் பெற்றனர். 2001இல் இந்நிறுவனம் எக்செல்சியர் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

கலிபோர்னியாவின் மறுப்பு

பாடமும் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சியும் ஒருங்கே நிகழவேண்டும் என்பது கலிபோர்னியாவின் விதி. இவ்விதியின்படி, 2003 டிசம்பர் 6 முதல் எக்செல்சியரில் சேர்ந்தோர் அங்குத் தேர்வுவழி உரிமம் பெறத் தகுதியற்றவராயினர். உரிமத்திற்கான என்க்ளெக்ஸ் தேர்வு நாடு முழுமைக்கும் ஒன்றே. எனினும் அதனை எழுதுவதற்குரிய கல்வித்தகுதியை அந்தந்த மாநிலமே வரையறுக்கிறது. இறுதித் தேர்வு பயிற்சிக்கு ஈடாகாது என்பதே இம்மறுப்பின் உட்கிடை.

ஒப்பந்தமும் வரம்பும்

தொலைநிலைக் கல்வி நிறுவனங்களை மாநிலங்கள் ஒன்றுக்கொன்று ஏற்கும் 'சாரா' ஒப்பந்தம் பின்னர் உருவாயிற்று. கலிபோர்னியா அதில் சேரவில்லை. சேர்ந்த மாநிலங்களிலும் ஒப்பந்தம் நிறுவனம் இயங்குவதற்கே இசைவளிக்கிறது. தொழில் உரிமம் வழங்கும் வாரியங்களின் அதிகாரத்தைத் தொடுவதில்லை. 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதி, தம் பாடத்திட்டம் எந்தெந்த மாநிலத்தின் கல்வித்தகுதியை நிறைவு செய்கிறது என்பதை வெளியிடும் கடமையை நிறுவனங்கள்மீது சுமத்தியது.

முடிவுரை

நோயாளரின் பாதுகாப்பைக் கருதிய கலிபோர்னியாவின் நிலைப்பாடும், பணிபுரிவோர்க்குக் கல்வியைத் திறந்த நியூயார்க்கின் நிலைப்பாடும் தத்தம் நியாயம் உடையன. ஆயினும் இரண்டும் முரணும்போது அதன் விலையைக் கொடுப்பவர் மாணவரே. வெளிப்படுத்தும் கடமை அவருடைய அறியாமையைப் போக்கலாம். 1903 முதல் மாநிலங்களிடம் நிலைத்துவிட்ட வேறுபாட்டை அது போக்குவதில்லை.