கரிகிரியில் புருவம் நட்டார்கள்

புருவத்துக்கு அறுவை சிகிச்சை என்றால் மும்பை நடிகைகளையும் நுங்கம்பாக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களையும் நினைப்பவர்கள்தான் அதிகம். நான் வேலூர்க்காரி. எனக்குக் கரிகிரி நினைவுக்கு வரும். காட்பாடியை அடுத்து 1955-ல் தொடங்கிய அந்தத் தொழுநோய் மருத்துவமனையில் அறுபதுகளில் புருவம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பெற்ற ஆயா அங்கே வார்டு வேலை பார்த்தவர். எண்பதைத் தாண்டிய பிறகும், புது ஆளைப் பார்த்தால் அவர் கண் முதலில் போவது புருவத்துக்குத்தான்.

எனக்கு வயது இருபத்து நான்கு. புருவம் அப்பா வீட்டு வாகு: அடர்த்தி, வளைவே இல்லாத நேர்கோடு, இமையோடு ஒட்டிக் கிடக்கிற இறக்கம். சும்மா உட்கார்ந்திருந்தாலே “என்ன கோவம்?” என்று கேட்பார்கள். வேலை பார்க்கிற இடத்தில், வாடிக்கையாளர் எதிரே உட்காரும் நாற்காலியிலிருந்து என்னைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. “கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்க மேடம்” என்று மட்டும் பல தடவை சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் புருவத்தை ஏற்றிக்கொள்வது பற்றி நிஜமாகவே விசாரிக்க ஆரம்பித்தேன். விலையை விசாரிக்கப் போனவள், இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் சூடு குறைந்த இடங்கள் தோது. மூக்கு, காதுமடல், விரல், புருவம். நோய் முற்றினால் புருவத்தின் வெளிமுனையில் முடி கொட்டத் தொடங்கும். பிறகு முழுப் புருவமும் போய்விடும். மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, வேர்க்காலோடு போன முடியைத் திருப்பித் தராது. டாப்சோன் மாத்திரை வந்த பிறகு நோய் குணமாகி ஊர் திரும்பியவர்களுக்கு இதுவே வினையாயிற்று. கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு மடியில் இருக்கும். டீக்கடைக்காரர் சீட்டைப் பார்க்கமாட்டார், நெற்றியைப் பார்ப்பார்.

பால் பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் மருத்துவர் அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய், மடங்கி இறுகிப்போன கைகளைக் காட்டினார். அதன் பிறகு வேலூரில், செத்துப்போன தசையின் வேலையை நல்ல தசைக்கு மாற்றிக் கொடுத்து, விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார் பிராண்ட். கை நிமிர்ந்தவர்கள் வேலை கேட்டுப் போனார்கள். கையை நீட்டிக் காட்டுவதற்குள் முகத்தைப் பார்த்தே அனுப்பிவிட்டார்கள். மூக்கும் புருவமும் அறுவை மேசைக்கு வந்தது இப்படித்தான்.

செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். காதுக்கு முன்னால் விரல் வைத்தால் நாடி துடிக்கும். அந்த ரத்தக்குழாய் மேலேறித் தலைத்தோலில் கிளை பிரியும். ஒரு கிளையின் நுனியில், புருவ அளவில், புருவ வடிவில், முடியோடு சேர்த்து ஒரு துண்டுத் தோலை வெட்டிப் பிரிப்பார்கள்; குழாயை மட்டும் அறுக்கமாட்டார்கள். நெற்றித் தோலுக்கு அடியில் ஒரு சுரங்கம் குடைந்து, குழாய் பின்தொடர அந்தத் துண்டை உள்ளே இழுத்து, கண்ணுக்கு மேலே வெளியே எடுத்துத் தைப்பார்கள். ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால் முடி பிழைத்துக்கொள்ளும். முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் கைத்திறன். மூக்குப் பக்கம் தொடங்கிக் காதுப் பக்கமாகப் படுக்க வேண்டும். மாறித் தைத்தால், எதிர்க்காற்றில் நிற்கிறவர் புருவம் மாதிரி ஆயுசுக்கும் குத்திட்டு நிற்கும்.

இடம் மாறினாலும் அது தலைமுடிதான். வளர்வதை நிறுத்தாது. அவ்வப்போது கத்தரித்துவிட வேண்டும். அந்த வேலை ஆயா போன்றவர்கள் தலையில் விழுந்தது. “வெட்டலாம் வாய்யான்னா ஓடுவாங்க” என்பார். “ஒருத்தரு கண்ணு மேல வந்து விழற அளவுக்கு வுட்டு வெச்சிருந்தாரு. எண்ணெ தடவி சீப்பு வெச்சி வாருவாரு. இத்தினி வருசம் இல்லாம கெடந்தேன், இருக்கட்டும்மான்னுட்டாரு.” சொல்லிவிட்டுத் தன் நரைத்த புருவத்தை ஒரு தடவை நீவிக்கொள்வார்.

நோயால் இமை மூட முடியாமல் போனவர்களுக்கு இன்னொரு வழி வைத்திருந்தார்கள். மெல்லுகிற தசையிலிருந்து ஒரு பட்டையைப் பிரித்து இமைகளுக்குள் ஓட்டிவிடுவார்கள். பல்லைக் கடித்தால் கண் மூடும். சோறு மெல்லும்போதும் கண் சிமிட்டும். கண் உலர்ந்து பார்வை போவதற்கு இது தேவலை. தசையை இப்படிப் பயன்படுத்தும் முறையை முப்பதுகளில் எழுதிவைத்தவர் ஹெரால்ட் கில்லிஸ். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக 1917-ல் இங்கிலாந்தின் சிட்கப்பில் தனி மருத்துவமனை நடத்தியவர். அவரிடம் பயின்ற நோஷிர் ஆன்ட்டியா, ஐம்பதுகளில் புனேவுக்குத் திரும்பித் தொழுநோயாளிகளின் முகங்களைச் சீராக்கும் வேலையில் இறங்கினார். ஆக, போர்முனையிலிருந்து புனேவுக்கும் வேலூருக்கும் வந்த கலை இது. நுங்கம்பாக்கத்துக்கு வந்த பாதை வேறு. அதைப் பார்க்கப் பாரிசுக்குப் போக வேண்டும்.

போர் முடிந்த மறு ஆண்டு, 1919-ல், ரேமோன் பாசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் புருவத்தை உயர்த்தும் முறையை வெளியிட்டார். நெற்றியில் முடி தொடங்கும் கோட்டை ஒட்டி, வெளியே தெரியாதபடி இலை வடிவத்தில் தோலை வெட்டியெடுத்து, விளிம்புகளை இழுத்துத் தைப்பது. அவ்வளவுதான். புருவத்தைக் கீழே இழுக்கும் தசையை விட்டுவிட்டுத் தோலை மட்டும் இழுத்தால் எத்தனை நாள் நிற்கும்?

அதே பாரிசில் சூசான் நோயல் இருந்தார். பெண் மருத்துவர்களே அரிதான காலத்தில் முக அறுவையில் பெயரெடுத்தவர். தன் வீட்டிலேயே, மரத்துப்போகும் ஊசி போட்டு அறுப்பார். வந்தவர்கள் அன்றைக்கே தொப்பியை அணிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவரும்கூட. 1926-ல் வந்த அவருடைய புத்தகம், அழகு அறுவையின் சமூகப் பங்கு என்பதைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. வயது தெரிகிறது என்று வேலையிலிருந்து நீக்கப்பட்ட, நீக்கப்படுவோமோ என்று பயந்த பெண்கள் அவரிடம் வந்தார்கள். பணக்காரிகளும் வந்தார்கள், ஆனால் அவர் அக்கறையோடு எழுதியது சம்பளத்துக்குப் போகிறவர்களைப் பற்றி. நோயலின் பாரிசும் ஆயாவின் கரிகிரியும் எனக்கு ஒரே ஊராகத்தான் தெரிகிறது. இரண்டு இடத்திலும் முகத்தைச் சொல்லிச் சோற்றில் கை வைத்திருக்கிறார்கள்.

நோயலின் புத்தகம் வந்த அதே ஆண்டில் ஹன்ட் என்ற அமெரிக்கர், தலைமுடிக்குள்ளேயே குறுக்கே வெட்டி நெற்றியைத் தூக்கும் முறையை எழுதினார். பின்னாளில் அது காதிலிருந்து காது வரை உச்சி வழியாகப் போகும் நீண்ட வெட்டாக நிலைத்தது. நெற்றித் தோலைப் புருவம் வரை பிரித்து, முகம் சுளிக்கும் தசைகளை அறுத்து, பின்னுக்கு இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைப்பார்கள். புருவம் நின்றது. கூடவே வெட்டுக்குப் பின்னால் தலை மரத்துப்போவதும், தழும்போரம் முடி கொட்டுவதும், நெற்றி அகன்றுபோவதும், எப்போதும் திடுக்கிட்ட மாதிரியான பார்வையும் வந்தன. 1990-களின் தொடக்கத்தில் கேமரா பொருத்திய குழாயை முடிக்குள் சிறு துளைகள் வழியாக விட்டுச் செய்யும் முறை வந்த பிறகுதான் நீண்ட வெட்டு குறைந்தது.

எந்த உயரம் சரியான உயரம் என்று யார் முடிவு செய்தது? இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அறுவை மருத்துவர்கள் இன்றும் பேசுகிற புருவ இலக்கணம், 1974-ல் மருத்துவர்களின் மாநாடு ஒன்றில் மைக்கேல் வெஸ்ட்மோர் சொன்னது. அவர் மருத்துவர் இல்லை; ஹாலிவுட் ஒப்பனைக்காரர், பரம்பரை ஒப்பனைக் குடும்பம். கருவிழியின் வெளி ஓரத்துக்கு நேர் மேலே புருவத்தின் உச்சி வர வேண்டும் என்றார். பிற்பாடு மருத்துவர்களே அதைத் திருத்தி, உச்சியை இன்னும் வெளியே தள்ளினார்கள். நாட்டிய சாஸ்திரமோ புருவத்துக்கு ஏழு அசைவுகள் சொல்கிறது. தாழ்த்துவதும் அதில் ஒன்று, இயல்பாக விடுவதும் ஒன்று. அரங்கேற்றம் வரை போகாத என் நாட்டியப் படிப்பில் எனக்குத் தானாக வந்தது அந்தத் தாழ்த்துவது மட்டும்தான்.

கத்தியில்லாமல் புருவத்தை ஏற்றும் போடாக்ஸ் ஊசியின் கதை சுருக்கமானது. மாறுகண்ணைச் சரிசெய்ய சான்பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் கையாண்ட மருந்து அது. வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருத்தர்ஸ், இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களுக்குப் புருவ நடுவே சுருக்கம் மறைவதைக் கவனித்தார். கணவர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992-ல் கட்டுரை எழுதினார்கள். அமெரிக்க அரசு 2002-ல் சுருக்கத்துக்கு அனுமதி கொடுத்தது. கீழே இழுக்கும் தசையைத் தளர்த்தினால் புருவம் ஓரிரு மில்லிமீட்டர் ஏறும். மூன்று நான்கு மாதத்தில் பழையபடி இறங்கிவிடும்.

நான் பார்த்த மருத்துவர் கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேலே கீழே ஓட்டச் சொன்னார். இமை தூக்கும் தசை பலவீனமாக இருந்தால், அதை ஈடுகட்ட நெற்றித் தசை புருவத்தை உயர்த்திப் பிடித்திருக்கும். அதைக் கவனிக்காமல் புருவத்தில் கை வைத்தால் கணக்கு தப்பும் என்றார். எனக்கு இமையில் கோளாறு இல்லை. பிறகு என் அப்பாவின் போட்டோவைக் கேட்டார். பார்த்துவிட்டு, “உங்களுக்குப் புருவம் இறங்கலம்மா. அது எப்பவுமே அங்கதான் இருந்திருக்கு” என்றார். இந்த அறுவையைக் கண்டுபிடித்தது வயதானதால் சரிந்த புருவத்துக்கு. சரியாத புருவத்தைத் தூக்கினால், வயதாக ஆக அது எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வது கடினம் என்றும் சொன்னார்.

நான் செய்துகொள்ளப்போவதில்லை. முன்வரிசை நாற்காலியை ஏன் எடுத்தார்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை, திரும்பக் கேட்பேன். என் வயதில் இதை யோசிப்பவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். கண் மருத்துவரிடம் இமையைக் காட்டுங்கள். செய்யப்போகிறவர் முறையாகப் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று கேளுங்கள். ஊசியா, தோலுக்கடியில் நூல் கோத்து இழுப்பதா, கத்தியா என்று கேளுங்கள். ஊசியும் கரையும் நூலும் தாமாக அடங்கிவிடும், அறுத்த தசை திரும்ப ஒட்டாது.